பாதியில் கிடக்கும் கதைகளை முடிப்பது எப்படி

போனில் இருக்கும் நோட்ஸ், மடிக்கணினியில் 'புதுக்கதை', 'புதுக்கதை 2', 'புதுக்கதை கடைசி' என்ற பெயர்களில் கிடக்கும் கோப்புகள், பழைய டைரியின் பின்பக்கங்கள் எல்லாவற்றையும் முதலில் ஓரிடத்தில் சேருங்கள். புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஒரு தாளில் ஒவ்வொரு கதைக்கும் ஒரு வரி: தலைப்பு, சுமாராக எத்தனை சொல், எந்த இடத்தில் நின்றது. கதையைப் படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தால் போதும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை.

அநேகமாக எல்லாக் கதைகளும் இரண்டு மூன்று இடங்களில்தான் நின்றிருக்கும். "எனக்குத் தொடர்ந்து எழுத வராது", "எனக்கு எழுதவே தெரியாதோ" என்று பொதுவாகப் புலம்புவதைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

முதல் 100, 150 சொல்லில் நின்றவை, தொடக்கத்தைத் திருத்தித் திருத்தியே களைத்துப்போனவை. எழுதுவதும் திருத்துவதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது. 400 முதல் 600 சொல்லுக்குள் நின்றவை வேறு ரகம். ஆட்கள் வந்தாயிற்று, தெரு வந்தாயிற்று, வெயில் அடித்தாயிற்று. இனி யாராவது எதையாவது செய்தாக வேண்டும், என்ன செய்வார்கள் என்று எழுதுகிறவருக்கே தெரியவில்லை. திறமை போதவில்லை என்று இதைத்தான் பெரும்பாலோர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு முடிவு எடுக்காமல் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடைசி ரகம், ஏறக்குறைய முடிந்த கதை. கடைசிப் பத்தி மட்டும் இல்லை, அல்லது முடிந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. படிக்கப்போகிறவரை நினைத்துப் பயந்து நின்றது அது.

உங்கள் தாளில் எந்த ரகம் அதிகமோ அந்தப் பகுதியை இங்கே கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

திருத்துகிறவர் திண்ணையில் இருக்கட்டும்

உங்களுக்குள் கதை சொல்லுகிறவர் ஒருவர், குற்றம் பார்க்கிறவர் ஒருவர். இரண்டு பேரும் வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் உட்காரக் கூடாது. சந்தேகத்தை முழுக்க ஒழித்துவிட்டு எழுத முடியாது. ஒழிக்கவும் கூடாது, திருத்தும்போது அதுதான் கைக்கருவி. எழுதும் நேரத்தில் அதைத் திண்ணையில் உட்காரவைத்தால் போதும்.

25 நிமிடம் டைமர் வையுங்கள். இணையத்தை அணைத்துவிடுங்கள். அந்த 25 நிமிடத்துக்குள் போன பத்திக்குத் திரும்பக் கூடாது; இப்போது அடித்துக்கொண்டிருக்கும் சொல்லில் விரல் தவறியிருந்தால் மட்டும் சரிசெய்யலாம். சந்தேகம் வந்த இடத்தில் ## என்று இரண்டு குறி போட்டுவிட்டு நகருங்கள். கையால் எழுதுகிறவர்கள் அடியில் ஒரு நெளிகோடு போடலாம். ஊர்ப் பெயர் நினைவில்லையா, ##. 1990-களில் டவுன் பஸ் டிக்கெட் என்ன விலை, ##. இந்த உவமை தேய்ந்துபோனது, ##. வரைவு முடியும்போது முப்பது குறி இருந்தாலும் பரவாயில்லை. அவை திருத்தும் வாரத்து வேலைப் பட்டியல்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு: ஒற்று, அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவில் மிகும் க், ச், த், ப். 'எடுத்துப் பார்த்தான்' என்பதில் ப் வருகிறது, 'வந்து பார்த்தான்' என்பதில் வரவில்லை. ஏன் என்று யோசித்துக் கையை எடுத்தால் இலக்கணப் புத்தகம், அதிலிருந்து இணையம், அங்கே இரண்டு பேர் போடும் சண்டை என்று முக்கால் மணி நேரம் போய்விடும். கதையில் அவன் இன்னும் பார்த்துக்கொண்டே நிற்பான். இதற்கு வழி, அடிக்கடி வரும் இடங்களை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்வது. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் மிகும்: கதையைப் படித்தாள், ஊருக்குப் போனாள். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் பையன். வரச் சொன்னாள், ஓடிப் போனான், வேகமாகக் கிளம்பினான் போன்றவற்றிலும் மிகும். எடுத்து, படித்து, கேட்டு என்று 'த்து', 'ட்டு' போல முடிகிற வினையெச்சத்துக்குப் பின் மிகும். வந்து, நின்று, செய்து என்றால் மிகாது. வந்த பையன், ஒரு கதை, சுடுசோறு, இவற்றில் மிகாது. அன்றாட உரைநடையில் தடுமாற வைக்கும் இடங்களில் பெரும்பங்கை இது தீர்த்துவிடும். மிச்சத்துக்கு ##. பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்ப்பது ஒரு தனி வேலையாகவே இருக்கிறது. முதல் வரைவிலேயே நீங்கள் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை.

வட்டார வழக்கு பற்றிய தயக்கமும் இங்கேதான் வரும். 'மனசு' எழுதுவதா 'மனது' எழுதுவதா, 'வந்துட்டாங்க' என்றால் மரியாதைக் குறைவாக இருக்குமா. பேச்சில் வாய்க்கு வந்தபடி, கதை சொல்லும் இடத்தில் கைக்கு வந்தபடி எழுதிப் போங்கள். கதை முடிந்த பிறகு ஒரே வாசிப்பில் இரண்டையும் ஒழுங்குபடுத்துவது எளிது. நடுவில் கொள்கை முடிவெடுப்பதுதான் கஷ்டம். உரையாடல் எழுதக் கை வராதவர்கள் போனில் குரல்வழித் தட்டச்சைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் பேசிப் பார்க்கலாம். நிறுத்தற்குறிகளைப் பிறகு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் பேச்சு பேச்சாகவே விழும்.

குறி போட்டு நகர்வதால் என்ன கிடைக்கிறது என்று ஓர் உதாரணம். இறந்துபோன மனைவியின் தையல் மெஷினை விற்க ஒரு பெரியவர் ஆள் வரச் சொல்லியிருக்கிறார். முதல் வரைவில் இப்படி விழுகிறது:

"மெஷினைப் பார்த்ததும் பெரியவருக்கு மனசு கனத்தது. பழைய நினைவுகள் வந்தன."

எழுதியவுடனேயே தெரிகிறது, செத்த வரி. இங்கேதான் பலர் அழிப்பார்கள், வேறு எழுதுவார்கள், அதையும் அழிப்பார்கள், 'நமக்கு வராது' என்று மூடிவைப்பார்கள். அழிக்காமல் ## போட்டுப் போய்விட்டால், பிறகு திருத்த வரும்போது அந்த வரியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: அந்த நேரத்தில் அவர் கண் எதைப் பார்த்தது, கை என்ன செய்தது?

"இழுப்பறையில் பாதி நூல் சுற்றிய பாபின் ஒன்று கிடந்தது. வாங்க வந்தவன் பெல்ட்டைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்."

அந்தச் செத்த வரிதான் இந்த வரிக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடிப்பதுபோல. துண்டின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

500 சொல்லில் நின்ற கதைக்கு

கதைக் கோப்பை மூடிவிட்டு வெள்ளைத்தாள் எடுங்கள். இதுவரை நடந்ததை ஐந்தே வரியில் எழுதுங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் 'அதனால்' அல்லது 'ஆனால்' போட முடிகிறதா பாருங்கள். 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் சம்பவங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன, கதை இன்னும் கிளம்பவில்லை. நின்றதில் ஆச்சரியமில்லை.

பிறகு, அடுத்து நடக்கக்கூடியவை ஐந்து. பத்து நிமிடம்தான் நேரம், நல்லது கெட்டது பார்க்காமல் எழுத வேண்டும். தையல் மெஷின் கதைக்கே பார்ப்போம். ஒன்று, பெரியவர் கடைசி நிமிடத்தில் விற்க மாட்டேன் என்கிறார். இரண்டு, மயங்கி விழுகிறார். மூன்று, சீக்கிரம் தொலையட்டும் என்று சொன்ன விலையில் பாதிக்குக் கொடுக்கிறார். நான்கு, தூக்கிப் போவதற்கு முன் தன் சட்டையில் ஒரு பொத்தான் பட்டிக்குத் தையல் போட்டுக் காட்டச் சொல்கிறார். ஐந்து, வெளியூரிலிருந்து மகள் போன் செய்கிறாள். முதல் இரண்டும் பெரும்பாலும் சினிமா எழுதிக் கொடுத்ததாக இருக்கும். மூன்றிலோ நான்கிலோதான் உங்களுடையது வரத் தொடங்கும். இதில் நான்கை எடுத்தால் அடுத்த 300 சொல் தானாக வரும், ஏனென்றால் மெஷின் ஓட வேண்டும், வந்தவனுக்குத் தைக்கத் தெரியுமா என்று பார்க்க வேண்டும், அந்தச் சத்தத்தைப் பெரியவர் கேட்க வேண்டும்.

தப்பான வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால்? 300 சொல் வீண். இரண்டு நாள் வேலை. மூன்று மாதம் நின்றிருப்பதைவிட மலிவு.

தினசரி அளவு

"தினமும் 1,000 சொல் எழுது" என்ற அறிவுரை ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதை அப்படியே தமிழுக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. 'போயிருக்கமாட்டான்' நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து சொல் வேண்டும். 'வீட்டிலிருந்து' ஒரு சொல், அங்கே மூன்று. உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்ளும் மொழியில் அதே நீளமுள்ள பகுதி குறைந்த சொற்களில் முடிந்துவிடும். அந்த ஆயிரத்தோடு ஒப்பிட்டுத் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டோ வீட்டைப் பார்த்துக்கொண்டோ எழுதுகிறவருக்கு ஒரு நாளைக்கு 150 சொல், வாரத்துக்கு 5 நாள் போதும். வாரம் 750. இரண்டு வாரத்தில் 1,500 சொல்லில் ஒரு சிறுகதையின் வரைவு. அடுத்த ஒரு வாரம் கதையைத் தொடாமல் ஆறப்போட, அதற்கடுத்த வாரம் திருத்த. மாதம் ஒரு கதை. கேட்க எளிதாக இருக்கிறதே என்றுதான் பலர் முதல் வாரமே 500 என்று உயர்த்துவார்கள்; மூன்றாம் வாரம் கோப்பைத் திறக்க மாட்டார்கள். முதல் 8 வாரம் அளவை உயர்த்தவே வேண்டாம். ஒரு நாள் 400 வந்துவிட்டாலும் மறுநாளைக்கு 150-தான்.

முடியாத நாளுக்கு ஒரு அடிமட்ட அளவும் வேண்டும்: ஒரே வாக்கியம். காய்ச்சல், கல்யாண வீடு, ஆடிட் வாரம், எதுவானாலும் ஒரு வாக்கியம். அதுவும் முடியாத நாள் விட்டுப்போகட்டும். விட்டதை மறுநாள் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருநாள் விட்டால் 300, இரண்டு நாள் விட்டால் 450 என்று கடன் ஏறினால் நாலாம் நாள் கடன்காரனைக் கண்டவர்போலக் கதையைக் கண்டு ஒளிய வேண்டிவரும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பழக்கம் படிவதை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் தன்னிச்சையாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று நம்பி 22-ஆம் நாள் சோர்ந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மொத்தம் 47 நாவல் எழுதிய, அவற்றில் பலவற்றைத் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ஆங்கில எழுத்தாளர் அந்தோணி ட்ரோலப், காலை 5.30-க்கு மேசைக்கு வந்துவிடுவார். முந்தைய நாள் எழுதியதை அரைமணி நேரம் படிப்பார், பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று டைரியில் கணக்கு வைத்திருந்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு விவரம்: விடியற்காலையில் அவரை எழுப்பிக் காபி கொண்டுவர ஒரு வேலைக்காரர் இருந்தார், அதற்காக மட்டும் அவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். நம் வீடுகளில் 5.30-க்கு எழுந்தால் காபி யார் போடுவது என்பதே முதல் கேள்வி, எழுதுகிறவர் பெண்ணாக இருந்தால் பதிலும் தெரிந்ததே. ஆகவே விடியற்காலையை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இட்லி வேகும் 10, 12 நிமிடம், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வண்டியிலேயே காத்திருக்கும் நேரம், மதியச் சாப்பாட்டு இடைவேளையின் கடைசிக் கால்மணி, இவற்றில் இரண்டைச் சேர்த்தால் 25 நிமிடம் வந்துவிடும். நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதைவிட, தினமும் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுவது நல்லது: 'குக்கரை இறக்கியதும்', 'பஸ்ஸில் உட்கார்ந்ததும்'.

இப்படித் துண்டுதுண்டாக எழுதுகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று, நிறுத்தும் விதம். 150 சொல் ஆனதும் மூடாமல், கடைசியில் 'அடுத்து:' என்று போட்டு ஒரு வரி. "அடுத்து: பாபின் கீழே விழும் சத்தம், வந்தவன் குனிகிறான்." மறுநாள் உட்கார்ந்தவுடன் கைக்கு வேலை இருக்கும். இந்த வரி இல்லாதவர் கதையை முதலிலிருந்து படிப்பார். படித்தால் திருத்துவார். 25 நிமிடமும் முதல் பத்தியிலேயே கரையும். மூன்று மாதம் கழித்துத் திரும்புகிறவருக்கும் இதே எச்சரிக்கைதான்: மேலிருந்து படிக்காதீர்கள். கடைசி இரண்டு பத்தியைப் படியுங்கள், நடந்ததை ஐந்து வரியில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கிருந்து தொடருங்கள். கதையில் ஒருவரின் பெயர் நடுவில் மாறிப்போயிருந்தாலும் ## பார்த்துக்கொள்ளும்.

சந்தேகத்துக்கு ஒரு நோட்டு

1938-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்ற தன் பெரிய நாவலை எழுதிய மாதங்களில் கூடவே ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். தான் எழுத்தாளனே இல்லை, தன்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக அதில் எழுதியிருக்கிறார். அதை எழுதிவிட்டு அன்றைய பக்கங்களுக்குப் போயிருக்கிறார். அந்த நாவலுக்கு 1940-இல் புலிட்சர் விருது கிடைத்தது. விருது கிடைக்கும் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சந்தேகம் ஒரு நோட்டிலும் கதை இன்னொரு நோட்டிலும் இருந்ததைக் கவனியுங்கள்.

எழுத உட்காரும் முன் 3 நிமிடம், வேறு நோட்டில், மனசில் ஓடும் சந்தேகத்தை அப்படியே எழுதுங்கள். எழுதியதைப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்ற முடிகிறதா பாருங்கள். 'கதை நல்லாயில்லை' என்பதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. 'வாங்க வந்தவன் யார் என்று முதல் பக்கத்தில் தெரிகிறதா?' என்பதற்கு முடியும். அப்படி மாறியதைத் திருத்தும் வாரத்துக்கு ஒத்திவையுங்கள். மாற்ற முடியாதது வெறும் மனநிலை. தேதி போட்டு விட்டுவிடுங்கள்.

சில சந்தேகங்கள் மட்டும் தனியாகப் பேசத் தக்கவை. 'இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள்' என்பதற்கு நோட்டே போதும்: யார், எந்தக் கதையில் என்று எழுதப் பாருங்கள். பெரும்பாலும் பெயர் வராது. வந்தால் அந்தக் கதையைப் படித்துவிட்டு எழுதுங்கள். 'வீட்டில் யாராவது படித்துத் தன்னைப் பற்றித்தான் என்று கண்டுபிடித்துவிட்டால்?' என்பது வீண் பயம் என்று தள்ள முடியாதது. வரைவில் உள்ளபடியே எழுதுங்கள். திருத்தும்போது தொழில், ஊர், உறவு முறை மூன்றையும் மாற்றுங்கள். அத்தை பெரியப்பாவாகும்போது கதையும் உங்கள் வீட்டை விட்டு வெளியே வரும், பல சமயம் அதனாலேயே நன்றாகவும் ஆகும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும்போது, உங்களோடு எழுத ஆரம்பித்தவர்கள் எல்லாம் புத்தகத்தோடு போட்டோ போடுவார்கள். அந்த இரண்டு வாரம் அளவைக் குறைக்காமல் பேஸ்புக்கைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாவற்றிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பு இல்லாமல் போயிருந்தால் அதை எழுத்துப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது. மருத்துவரைப் பாருங்கள்.

ஒருவருக்குக் காட்டுவது

வாரப் பத்திரிகையில் தொடர் எழுதியவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு கெடு இருந்தது. கல்கி தன் பெரிய சரித்திரத் தொடரான 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அச்சுக்குப் போகும் நாளுக்கு எழுதுகிறவரின் சந்தேகம் ஒரு பொருட்டே அல்ல. உங்களுக்கும் அப்படி ஒரு கெடு வேண்டும். எழுதுகிற இன்னொருவரோடு ஞாயிறு மாலை 7 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் எழுதியதை இரண்டு பேரும் அனுப்ப வேண்டும். வரைவு நிலையில் கருத்துச் சொல்லக் கூடாது. 'வந்தது, 750 சொல்' என்று மட்டும் பதில். இந்த விதியை மீறி முதல் வாரமே கருத்துச் சொல்லத் தொடங்குவதால்தான் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் ஒரு மாதத்தில் கலைகின்றன.

திருத்தி முடித்த கதையை ஒரே ஒருவருக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல்கள்தான் வரும், பத்தில் எட்டுப் பேர் படித்திருக்க மாட்டார்கள். கொடுக்கும்போது 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார்கள், அதைச் சந்தேகக்காரர் நம்பமாட்டார். இப்படிக் கேளுங்கள்: எந்த இடத்தில் கவனம் சிதறியது? எந்த வரியை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது? முடிவில் என்ன நடந்ததாக நினைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் நீங்கள் நினைத்ததிலிருந்து வெகுதூரம் போயிருந்தால் கடைசி 200 சொல்லில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதை மட்டும் பாருங்கள், கதை முழுவதையும் பிரித்துப் போடாதீர்கள்.

சந்தேகம் சரியாகவே இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. இரண்டு முறை திருத்தியும், இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டியும், உங்களுக்கே அந்த ஆட்களிடம் ஆர்வம் இல்லாமல் போயிருந்தால் கதையை விட்டுவிடலாம். முதல் தாளில் அந்த வரிக்கு எதிரே 'கைவிட்டது' என்று எழுதித் தேதி போடுங்கள். முடிவெடுத்துக் கைவிட்டது கணக்கில் முடிந்ததுதான். சும்மா கிடப்பது மட்டுமே தலைக்குள் இடம் பிடிக்கும்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது அதே தாளில் எந்த இதழுக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று குறியுங்கள். யூனிகோடில் இருக்கட்டும், ## ஒன்றுகூட மிச்சமில்லை என்று தேடிப் பாருங்கள், ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். பல இதழ்கள் ஏற்காத கதைக்குப் பதில் போடுவதில்லை. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அவர்கள் அறிவித்திருந்தால் அந்தக் கெடு. இல்லாவிட்டால் 3 மாதம் என்று நீங்களே வைத்துக்கொண்டு, அது கழிந்ததும் ஒரு வரி தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அனுப்பிய அன்றே அடுத்த கதைக்கான கோப்பைத் திறந்து, அதில் 'அடுத்து:' என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள்.